காலடியில் ஒரு மூடி

ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மூடியைத் தெரியும். மேசைக்கு அடியில், கார்ப்பெட்டுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்தில் சதுரமான ஸ்டீல் மூடி. ஓரத்தில் விரல் நுழைக்க ஒரு இடுக்கு. தூக்கினால் உள்ளே இரண்டு மூன்று பிளக் பாயின்ட். தடுப்புக்கு அந்தப் பக்கம் லேன் கேபிள் செருக இரண்டு துளை. கூடவே ஒரு பேனா மூடி, ஸ்டேப்ளர் பின்கள், யாரோ எப்போதோ தின்ற மிக்சரின் மிச்சம். எலெக்ட்ரீஷியன்கள் அதை ஃப்ளோர் பாக்ஸ் என்கிறார்கள். புழக்கத்தில் வேறு பேர் இல்லை என்பதால் நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இதுக்கெல்லாமா வரலாறுன்னு தோணலாம். ஆனால் வீட்டில் யாராவது தரையில் பிளக் பாயின்ட் வைப்போமா? வைக்க மாட்டோம். கொத்தனாரிடம் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். நம் ஊரில் தரை என்பது தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற இடம். அப்படிப்பட்ட தரைக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோய் வைக்கிற யோசனை எங்கிருந்து வந்தது, யார் கையில் வந்து நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

*

முதலில் மின்சாரம் இல்லாத ஒரு வேலையிடத்தைப் பார்த்துவிடலாம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான். பார்சுவநாதர் கோயில் ஒன்று, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் கொண்ட மலைநாதர் கோயில் ஒன்று, மடத்தில் ஓலைச்சுவடிகள். அந்தச் சுவடிகளைப் போன்றவற்றை எழுதியவர்களின் வேலையிடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், அங்கே சாமான் என்று எதுவுமே தேவைப்படவில்லை என்பது தெரியும். ஓலையை இடது கையில் பிடித்து, வலது கையில் எழுத்தாணியைப் பிடித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் போதும். மேசை, நாற்காலி எதுவும் வேண்டாம். வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே தள்ளி உட்காரலாம். பகலில் திண்ணை, இருட்டினால் விளக்குப் பக்கம். சமணக் குடும்பங்களில் பொழுது சாயுமுன் சாப்பாட்டையே முடித்துவிடும் வழக்கம் இருப்பதால், ராத்திரிக்கு என்று ஒதுக்கிய வேலை அதிகம் இருந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றும்.

குத்துவிளக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அது தரையில் நிற்கிற விளக்கு. தூக்கிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எண்ணெய் அதனுள்ளேயே இருக்கிறது. அதற்குச் சுவரின் தயவு தேவையில்லை. மின்விளக்கு அப்படி இல்லை. அதற்கு எங்கிருந்தோ ஒரு கம்பி வந்தாக வேண்டும், கம்பிக்குச் சுவரோ கூரையோ வேண்டும். மின்சாரம் வந்த பிறகுதான் மனிதர்கள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள்.

தூரத்திலிருந்து ஒன்றை மறைவாகக் கொண்டுவந்து, கட்டடத்துக்குள் வேண்டிய இடத்தில் திறந்துவிடும் வித்தை மட்டும் மின்சாரத்துக்கு முந்தியது. அதற்கும் அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால் என்று ஒரு அடுக்குக் கோபுரம் நிற்கிறதே, போனவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். கோட்டைச் சுவருக்கு வெளியே சுமார் 500 கஜ தூரத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக அந்தக் கோபுரத்தின் ஆறாவது அடுக்கு வரை தண்ணீர் ஏறியது என்று செஞ்சியைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். மேலே இருப்பவருக்குக் குழாய் தெரியாது, தண்ணீர் மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வழி, கண்ணுக்குத் தெரிகிற வாய். ஃப்ளோர் பாக்ஸின் கணக்கும் இதேதான். ஆனால் ஒரு வித்தியாசம். மண்குழாய் கசிந்தால் தரை ஈரமாகும். மின்குழாய்க்குள் ஈரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 1895-இலேயே தெருவில் வைத்துப் பார்த்துவிட்டது.

*

1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். நகரத்து வீடுகளில் விளக்கு எரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, மாடும் குதிரையும் இழுக்காத ஒரு வண்டி தெருவில் தானாக நகர்ந்தால் ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தலைக்கு மேலே கம்பியும் கிடையாது. கம்பி தரைக்குள் இருந்தது. பாதையில் நீளமாக ஒரு இடுக்கு விட்டு, அதற்குக் கீழே ஒரு ஓடை மாதிரி குழி வெட்டி, மின்சாரம் பாய்கிற கம்பியை அதற்குள் ஓட்டியிருந்தார்கள். வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு தகடு அந்த இடுக்கு வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அந்தத் தகட்டுக்குக் கலப்பை என்றுதான் பேர். தெருவை உழுதுகொண்டு போகிற வண்டி.

அழகான ஏற்பாடு. நகரத்தின் முகம் கெடாது, தூண் நடவேண்டாம், கம்பி அறுந்து யார் தலையிலும் விழாது. லண்டனில் இப்படிப்பட்ட டிராம் 1952 வரை ஓடியது. வாஷிங்டனில் 1962 வரைக்கும்கூட ஓடியது. சென்னையில் மட்டும் சீக்கிரமே கைவிட்டார்கள். காரணம் ஐப்பசி மழை. சென்னையில் மழை பெய்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். இன்றைக்கும் நிற்கிறது, அன்றைக்கு நிற்காமல் இருக்குமா? இடுக்கு இருந்தால் தண்ணீர் அதற்குள்தான் இறங்கும். வெள்ளம் குழிகளைப் பாழாக்கியதும் கம்பெனி கம்பியைத் தூக்கித் தலைக்கு மேலே கட்டியது. அப்புறம் 1953 ஏப்ரலில் டிராம் மொத்தமாக நிற்கும்வரை அது மேலேயேதான் இருந்தது.

இந்தக் கதையை நான் ஒரு தோல்வியாக மட்டும் பார்க்கவில்லை. தரைக்குள் மின்சாரம் என்கிற யோசனைக்கு நம் ஊரின் முதல் பதில் அது. அதற்கு அடுத்த அறுபது எழுபது வருடங்கள், கட்டடங்களுக்கு உள்ளேகூட, மின்சாரம் தரையை விட்டு நன்றாக மேலே தள்ளியே இருந்தது.

*

பழைய அரசு அலுவலகங்களுக்குப் போனால் இன்றும் அதைப் பார்க்கலாம். சுவரில் மரப்பட்டி அடித்து, அதன்மேல் கம்பியை ஓட்டி, கிளிப் போட்டு வரிசையாக இறுக்கியிருப்பார்கள். கண்ணுக்கு நேராக ஒரு மரப் பலகையில் கறுப்பு சுவிட்சுகள். கூரையிலிருந்து மின்விசிறி தொங்கும். மேசைக்கு மின்சாரம் என்று தனியாக எதுவும் தேவையில்லை. பேனாவுக்கு மின்சாரம் வேண்டாம், டைப்ரைட்டருக்கும் வேண்டாம். தொலைபேசி ஹெட் கிளார்க் மேசையில் ஒன்றே ஒன்று இருக்கும், அவர் எப்படியும் சுவரோரம்தான் உட்கார்ந்திருப்பார். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது சென்னையே அண்ணாந்து பார்த்தது. அந்தக் காலத்து அலுவலக வேலை என்பது பெரும்பாலும் கட்டுக்கட்டாகக் காகிதம். காகிதத்துக்கு பிளக் பாயின்ட் வேண்டாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே அலுவலகக் கட்டடங்கள் அகலமாகிக்கொண்டே வந்தன. ஜன்னலிலிருந்து இருபது முப்பது அடி உள்ளே தள்ளி மேசைகள். அவற்றின் மேல் தொலைபேசி, கணக்கு இயந்திரம், மேசை விளக்கு. நடுக்கூடத்தில் சுவர் கிடையாது. கம்பி வருவதற்கு மிச்சம் இருந்தது கூரையும் தரையும் மட்டுமே. அதனால் கான்கிரீட் கொட்டும்போதே உள்ளே குழாய்களைப் புதைத்தார்கள். 1930-களில் ஒரு புது வித்தை வந்தது. தளத்தையே மடிப்பு மடிப்பான இரும்புத் தகட்டால் செய்து, மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் பொந்துகளைக் கம்பி போகும் வழியாக்கினார்கள். தளம் பாரத்தையும் தாங்கும், கம்பிக்கும் வழி விடும். வேண்டிய இடத்தில் மேலிருந்து துளை போட்டுக் கம்பியை வெளியே இழுத்து, அதன்மேல் ஒரு சின்ன உலோகப் பெட்டியை நிற்கவைத்து அதில் பிளக் பாயின்ட் கொடுத்தார்கள். கார்ப்பெட்டுக்கு நடுவே குட்டிக் குட்டியாகத் துருத்திக்கொண்டு நின்ற அந்தப் பெட்டிகளுக்கு அங்கத்து எலெக்ட்ரீஷியன்கள் வைத்த பேர் கல்லறைக் கல். ராத்திரி ஆள் இல்லாத அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள், பேர் எவ்வளவு பொருத்தம்! தடுக்கி விழுந்தவர்கள் அதிகமானதால்தான் கல்லறைக் கல் மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்கி, மூடி போட்ட குழியானது.

1950-களின் கடைசியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் அறைகளையே எடுத்துவிட்டு, பெரிய கூடத்தில் மேசைகளைச் செடிகொடிகளுக்கு நடுவே சிதறவிட்ட மாதிரி போடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அலுவலக நிலக்காட்சி என்று அதற்குப் பேர். அப்புறம் 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் வடிவமைத்த தடுப்புப் பலகைகள் வந்தன. அவர் ஆசைப்பட்டது வேறு, கம்பெனிகள் அதை வைத்துச் செய்தது வேறு. நமக்குக் கிடைத்தது கியூபிக்கிள். எப்படியோ, சுவருக்கும் வேலைக்கும் இருந்த உறவு அத்தோடு முறிந்தது. மேசைகள் மாசத்துக்கு ஒரு இடம் மாறும், கம்பியும் கூடவே வரவேண்டும்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் அறைகளிலிருந்து ஒரு பழைய யோசனை வெளியே வந்தது. பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களுக்கு ஏராளமான கேபிளும் குளிர்காற்றும் தேவை என்பதால், அந்த அறைகளில் நிஜத் தரைக்கு மேலே கால்கள் நட்டு இன்னொரு தரை போட்டிருந்தார்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பலகைகள், எதை வேண்டுமானாலும் கழற்றலாம். நம் ஊரில் இதை ஃபால்ஸ் ஃப்ளோரிங் என்கிறோம். 1980-களில் அது சாதாரண அலுவலகங்களுக்கும் பரவியது. ஹாங்காங்கில் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய எச்.எஸ்.பி.சி. தலைமையகம் 1985-இலும், லண்டனில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் கட்டிய லாய்ட்ஸ் 1986-இலும் முடிந்தன. இரண்டிலும் காற்றும் கம்பியும் காலடியிலிருந்து வந்தன.

*

சென்னைக்கு இது வந்து சேர்ந்தது ஐ.டி. காலத்தில். தரமணியில் டைடல் பார்க் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியதால் இரண்டு பேரையும் ஒட்டி அந்தப் பேர். அதற்கு அப்புறம் ராஜீவ் காந்தி சாலை நெடுக இதே மாதிரி கட்டடங்கள் முளைத்தன. ஒரு தளத்தில் நூற்றுக்கணக்கான பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு போன். ஜன்னல் எங்கேயோ இருக்கும், சுவர் இன்னும் தூரத்தில்.

இந்த இடத்தில் மின்சாரத்துக்கு ஒரு கூட்டாளி சேர்ந்துகொண்டது, டேட்டா. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று ஆகாது. மின்கம்பிக்குப் பக்கத்திலேயே ஒட்டி ஓடினால் லேன் கேபிளில் இரைச்சல் புகும். பாதுகாப்புக்காகவும் தள்ளித்தான் வைக்க வேண்டும். அதனால்தான் பெட்டிக்குள் அந்தத் தடுப்பு. தரைக்கு அடியிலும் தனித்தனி வழி. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பங்காளிகள் மாதிரி. டேட்டாவுக்கு இன்னொரு கண்டிஷனும் உண்டு. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த கேபிள் தரநிர்ணயம் சுவிட்ச் இருக்கும் அறையிலிருந்து மேசைப் பக்கத்து சாக்கெட் வரை 90 மீட்டர், இரண்டு முனையிலும் செருகும் சின்ன கேபிள்களுக்கு 10 மீட்டர், ஆக மொத்தம் 100 மீட்டர் என்று எல்லை போட்டது. மேசைகளை எங்கே போடலாம், நெட்வொர்க் அறை எங்கே வரவேண்டும் என்பதை இந்த 90 மீட்டர்தான் முடிவு செய்தது. ஒரு தளத்தின் நீள அகலத்தை ஒரு கம்பியின் மூச்சு தீர்மானித்தது என்றால் அது மிகையில்லை.

எல்லாம் சரி. தண்ணீர்?

*

ஐரோப்பியத் தரநிர்ணயங்களில் ஃப்ளோர் பாக்ஸ் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. அவர்கள் தரையைக் கல், மரம், கார்ப்பெட் என்று பிரிக்கவில்லை. எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஈரமில்லாமல் சுத்தம் செய்கிற தரை ஒரு வகை, ஈரத்தால் சுத்தம் செய்கிற தரை இன்னொரு வகை. வாக்குவம் ஓட்டுகிற தரையில் வைக்கிற சாதாரணப் பெட்டியை, தண்ணீர் புழங்குகிற தரையில் வைக்கக்கூடாது. அதற்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கின மூடி, தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்த விளிம்பு எல்லாம் வேண்டும். கையில் விளக்குமாறு பிடித்திருப்பவரை மனதில் வைத்து எழுதின விதி. இப்படி ஒன்று இஞ்சினியரிங் ஆவணத்தில் அபூர்வம்.

இதில் ஒரு கூத்தும் இருக்கிறது. மூடி இறுக்கமாகச் சாத்தியிருக்கும்போதுதான் பெட்டி தண்ணீரைத் தாங்கும். ஆனால் யாராவது வேலை செய்கிறார்கள் என்றால் கேபிள் செருகியிருக்கும். கேபிள் வெளியே வர மூடியில் ஒரு வாய் திறந்திருக்கும். அதாவது பெட்டி பயன்படுகிற நேரமெல்லாம் பாதுகாப்பு குறைவு. எந்த நேரமும் ஷிப்ட் ஓடுகிற தளத்தில் அது எப்போதுமே திறந்த வாய்தான்.

நம் ஊர் அலுவலகங்களில் பாதி கார்ப்பெட், பாதி விட்ரிஃபைடு டைல்ஸ். டைல்ஸ் என்றால் மாப். மாப் என்றால் வாளி, பினாயில், தண்ணீர். வெறும் தூசு தட்டினால் நமக்குச் சுத்தம் ஆன மாதிரியே இருக்காது. ஈரம் காயும் வாசனை வரவேண்டும். இது வாசல் தெளிக்கிற பழக்கத்திலிருந்து வருவது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தை வரைந்தவர் இந்தத் தரை எப்படிக் கழுவப்படும் என்று கேட்காமல் கேட்டலாகில் இருந்து ஒரு பெட்டியை எடுத்துப் போட்டிருந்தால், அந்தப் பழியை யாரோ சுமக்கத்தான் வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் காலை ஷிப்ட்டுக்கு முன்னால் தரை துடைக்க வரும் அக்கா, ஒவ்வொரு ஃப்ளோர் பாக்ஸ் மேலேயும் ஒரு காய்ந்த துணியை மடித்துப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி ஒரு முழம் விட்டுத் துடைப்பார். அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்து அந்த முழத்தை மட்டும் பிழிந்த துணியால் கையால் துடைப்பார். தளம் முழுக்க எத்தனை பெட்டி! "எதுக்குக்கா இவ்ளோ கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டதற்கு, "தண்ணி பட்டா லைன் போயிடுது தம்பி. ஒருக்கா ஒரு வரிசை பூரா கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு. பெட்டிய செஞ்சவன யாரு திட்டுனா? என்னயத்தான் திட்டுனாங்க" என்றார். அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் இந்த முட்டி போடும் கணக்கு எங்கேயும் சேரவில்லை.

லைன் போவது என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைக் கவனிக்க ஆர்.சி.சி.பி. என்று ஒரு சாதனம் மின்பலகையில் இருக்கும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. ஆள் உயிரைக் காப்பாற்ற வைக்கும் வகை 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்குள் துண்டித்துவிடும். ஒரு வரிசைக்கே ஒரு சாதனம் என்றால், ஒரு பெட்டிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் இறங்கினாலும் அந்த வரிசையே அணையும். எல்லாரும் எரிச்சலோடு எழுந்து நிற்பார்கள். உண்மையில் அந்த நேரத்தில் சாதனம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அது இல்லாவிட்டால் ஈரத்தரையில் முட்டி போட்டிருப்பவரின் உடம்பு வழியாக அந்தக் கசிவு பூமிக்குப் போயிருக்கலாம். சில இடங்களில் அடிக்கடி துண்டிக்கிறது என்பதற்காக அதையே கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் வயரிங்கில் கிடையாது.

டேட்டா பக்கம் சத்தமில்லாமல் கெடும். லேன் சாக்கெட்டின் மெல்லிய ஊசிகளில் ஈரமும் பினாயிலும் பட்டுப் பட்டு, சில மாதங்களில் பாசி மாதிரி பிடிக்கும். இணைப்பு போகாது, தயங்கும். ஐ.டி. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டால் அவர்கள் கம்ப்யூட்டரை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். தரைக்குள் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

*

2020-இல் எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்குத் தனி மேசை கிடையாது. காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். வைஃபை போதும் என்றானதும் பெட்டியின் டேட்டா பாதி வேலையிழந்தது. துளைகளில் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள். லேப்டாப்பின் பேட்டரி இன்னும் ஒரு படி மேலே போய், குத்துவிளக்கின் சுதந்திரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எண்ணெய் தீர்ந்ததும் பெட்டியைத் தேடி வந்தாக வேண்டும்.

புதிய அலுவலகங்களில் மேசைகளை வரிசையாக ஒட்டிப் போட்டு, வரிசைக்கு ஒரே ஒரு ஃப்ளோர் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து மேசையின் உள்வழியாகவே கம்பியைக் கொண்டுபோகிறார்கள். பாயின்ட் மேசை மேலேயே வந்துவிடுகிறது. சில இடங்களில் கூரையிலிருந்து ஒரு தூண் இறக்கி அதன் வழியாகக் கொடுக்கிறார்கள். டிராம் கம்பெனி செய்ததைப் போலக் கம்பி மறுபடி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. துடைப்பவருக்கு இது நல்லது.

பழைய பெட்டிகள் என்ன ஆகின்றன? வாடகைக்கு இருந்த கம்பெனி காலி செய்யும். அடுத்து வருகிறவர் தன் இஷ்டப்படி மேசை போடுவார், தேவையில்லாத பெட்டிகளின் மேல் புது டைல்ஸ் ஒட்டிவிடுவார். அவருக்கு அடுத்து வருகிறவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் படம் கையில் இருக்காது. புதிதாக ஒரு பாயின்ட் வேண்டும் என்று தரையில் துளை போட வருகிற எலெக்ட்ரீஷியன் முதலில் குனிந்து, டெஸ்டரின் பிடியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போவார். ஒரு இடத்தில் சத்தம் மாறும். "இங்க ஏதோ பொந்து இருக்கு சார், லைன் உயிரோட இருக்கான்னு பாத்துட்டு வெட்டுவோம்" என்று சொல்லிவிட்டு, மெயினை அணைக்க ஆளை அனுப்புவார்.